திண்ணைச் செயலாளர்

எங்கள் தெருப் பாதுகாப்புச் சங்கத்துக்கு நான் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், தேர்தல் கூட்டத்துக்கு நான் போகாததுதான். போயிருந்தால் வேண்டாம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது எங்கள் தெரு. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் பக்கத்து வீடுகள் தெருவைப் பார்த்து உட்கார்ந்து வம்பு பேசும். முன்னால் மரத்தூண் வைத்த தாழ்வாரம், அதை அடுத்துத் திண்ணை, தேக்குக் கதவு, உள்ளே முற்றம். மாடி மட்டும் பிரெஞ்சுக்காரனைப் பார்த்துப் போட்டது: வளைவு ஜன்னல், பூச்சு வேலை. ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையே அப்படித்தான். கீழே வேட்டி, மேலே கோட்டு.

மூலைவீடு ஒரே வாரத்தில் இடிபட்டு, அதன் தேக்கு உத்தரங்கள் லாரி ஏறிப் போனபோது சங்கம் பிறந்தது. அதற்கு முன்பே எங்களுக்கு வைசியாள் வீதி மேல் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தோடு இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பு அங்கே வீட்டு முகப்புகளைச் சீராக்கியது. 2008இல் யுனெஸ்கோ விருதும் வந்தது. அந்தத் தெருவுக்குப் பெண் கொடுத்தவர்கள்கூட அதன் பிறகு ஒரு தினுசாகத்தான் பேசினார்கள்.

முதல் தீர்மானத்தை நான்தான் எழுதினேன். 'திண்ணையை இடிப்பவர் தம் முன்னோரின் மடியை இடிப்பவர்.' கைதட்டல். தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுத் திண்ணை எங்கே என்று அன்று யாரும் கேட்கவில்லை. 1998இல் ஸ்கூட்டர் நிறுத்துவதற்காக அதை இடித்து, இரும்பு கிரில் போட்ட புண்ணியவான் நானே. அதே ஜோரில் முற்றத்துக்கு மேல் தகரமும் போட்டேன். மிச்சமிருந்த சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசினேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுவிடும். சிமென்ட் அதன் மூக்கைப் பொத்திவிடும். உள்ளே மாட்டிய ஈரம் உப்பாகப் பூத்துப் பூச்சை உதிர்க்கும். இது எனக்கு இப்போது தெரியும். இருபது வருஷமாக ஒவ்வொரு பொங்கலுக்கும் பெயின்ட் அடித்து, ஆடிக்குள் உதிர்ந்ததைப் பெருக்கி அள்ளியவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

கணக்கெடுக்க நான்கு கட்டடக்கலை மாணவர்கள் வந்தார்கள். நான் வழிகாட்டி. வீடுவீடாகத் தூணைத் தட்டிக் காட்டிக்கொண்டே வந்து, என் வீட்டருகே நடையை எட்டிப் போட்டேன். ஒரு பெண் நின்றுவிட்டாள். படிவத்தில் அவள் எழுதியதைத் தோளுக்கு மேலாகப் படித்தேன். திண்ணை: இல்லை. தாழ்வாரம்: இல்லை. முற்றம்: தகரம்.

"இந்த வீட்டுக்காரருக்கு யாராவது எடுத்துச் சொல்லணும் சார்" என்றாள்.

"சொல்லிப் பாத்தாச்சும்மா. கேக்கிற ஆள் இல்ல" என்றேன். அந்த நேரம் பார்த்து என் மனைவி கிரிலைத் திறந்து, "ஏங்க, பால் பாக்கெட் வாங்கினீங்களா?" என்றாள்.

அடுத்த கூட்டத்தில், மாதிரி வீடாக முதலில் செயலாளர் வீட்டையே சீராக்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஏகமனது என்றால் என்னைத் தவிர.

வயதான கொத்தனார் ஒருவர் கிடைத்தார். சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம் எனப் பட்டியல் போட்டுவிட்டு, மேல்பூச்சு வழவழவென்று வர முட்டை வெள்ளைக்கரு என்றார். எத்தனை என்று கேட்டேன். "நூறுல ஆரம்பிப்போம் சார்." வாரம் இரண்டு முட்டைக்கு மேல் கூடாது என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். சுவருக்குக் கொலஸ்ட்ரால் இல்லை. மஞ்சள்கரு முழுவதும் எங்கள் சமையலறைக்கு வந்தது. அந்த மாதம் நான் சாப்பிட்ட எல்லாமே ஒரே நிறம்.

முற்றத்துத் தகரத்தில் கை வைத்தபோதுதான் மனைவி குறுக்கே நின்றாள். "கடற்கரையில அந்த மேரி கட்டடம், பழைய முனிசிபாலிட்டி ஆபீஸ், 1870ல பிரெஞ்சுக்காரன் கட்டினது, 2014 மழையில பொலபொலன்னு விழுந்துச்சே. சர்க்காராலேயே காப்பாத்த முடியல. நீங்க நடுவீட்டுல மழைய உள்ள விடப் போறீங்களா?" பராமரிக்காததால் விழுந்தது, பழசானதால் அல்ல என்று விளக்க ஆரம்பித்தேன். "நம்ம வீட்டப் பராமரிச்சது யாரு?" என்றாள். தகரம் இன்னும் இருக்கிறது.

ஆனால் திண்ணை வந்துவிட்டது. தூணும் ஓடுமாகத் தாழ்வாரமும் வந்துவிட்டது. எனக்குத்தான் அதில் உட்கார இடமில்லை. காலையில் தலைவர் பேப்பர் படிக்கிறார். மத்தியானம் கூரியர் பையன் தூங்குகிறான். ஞாயிறுகளில் கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க ஜோடிகள் வந்து, "அங்கிள், கொஞ்சம் ஃபிரேமை விட்டு நகருங்க" என்கிறார்கள்.

ஸ்கூட்டர் தெருவுக்கு வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தூணோரம் நிறுத்துகிறேன், வேறெங்கே போக?

போன கூட்டத்தில், மரபு முகப்புகளை மறைத்து வண்டி நிறுத்துவோருக்கு நோட்டீஸ் கொடுக்க முடிவாயிற்று. பட்டியலில் முதல் எண் என் வண்டியுடையது. நோட்டீஸில் கையெழுத்திட வேண்டியவர் செயலாளர். 'அன்புடையீர்' வரை எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கடுமையாகவே எழுதச் சொல்கிறார் தலைவர், என் திண்ணையில் சாய்ந்துகொண்டு.