ஒரு கட்டை, ஒரு பல்பு, ஒரு துண்டு வயர்

1980களின் கடைசியில் நான் பி.எட். படித்தபோது அது ஒரு வருடப் படிப்பு. கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் பேராசிரியர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பாடக்குறிப்பு நோட்டில் சிவப்பு மையால் கோடிழுத்து, படிநிலை படிநிலையாக எழுதியிருப்போம். ஓம் விதிக்கு நான் வரைந்த சார்ட்டை அவர் மிகவும் பாராட்டினார். ஆனால் மின்சுற்று எனக்கே புரிந்திருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வேலைக்கு வந்து சில வருடங்கள் கழித்து, ஒரு சனிக்கிழமை, அறிவியல் இயக்கத்து நண்பர்கள் நாற்பது ஆசிரியர்களைக் கூட்டினார்கள். ஆளுக்கு ஒரு பேட்டரி கட்டை, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு வயர். ஹோல்டர் கிடையாது. “எரிய வைங்க” என்றார்கள். வயரின் ஒரு முனையைப் பல்பின் அடியிலும் மறு முனையைக் கட்டையின் குமிழிலும் வைத்தேன். எரியவில்லை. மாற்றி மாற்றிப் பிடித்தேன். பத்து நிமிடம் போயிற்று. பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சர் பல்பின் அடியைக் குமிழ்மேல் நிறுத்தி, வயரைப் பல்பின் கழுத்தில் இருந்த உலோகத்தில் சுற்றி, மறு முனையைக் கட்டையின் அடியில் தொட்டார். எரிந்தது. “பல்புக்கும் ரெண்டு முனை இருக்கு சார்” என்றார்.

கரும்பலகையில் எத்தனையோ முறை பல்பு வரைந்திருக்கிறேன். இரண்டாவது கோடு அதற்குள் எந்த இடத்தில் நுழைகிறது என்று அன்றுதான் பார்த்தேன். திங்கட்கிழமை அதே சாமான்களை வகுப்புக்கு எடுத்துப் போனேன். பல்பைத் தாண்டியதும் மின்னோட்டம் தீர்ந்துவிடும் என்று பாதி வகுப்பு நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. என் ஆசிரியப் பணி அன்றுதான் தொடங்கியது என்று இன்றும் நினைக்கிறேன்.

இப்போது பி.எட். இரண்டு வருடம். 2012 முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கிறது. 2018-ல் புதிய பாடநூல்கள் வர ஆரம்பித்தபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் கருத்தாளராக என்னைப் போட்டார்கள். ஒரே நாளில் ஏழு பாடம், அத்தனையும் ஸ்லைடு. முன் தேர்வு, பின் தேர்வு, குரூப் போட்டோ. பல்பு வீடியோவில் இருந்தது. வீடியோவில் அது ஒருமுறைகூட எரியாமல் போனதில்லை. முடிந்ததும் ஆசிரியர்கள் கேட்டது, “இதுல எந்தக் கேள்வி வரும்?” அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மே மாதம் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரிப்பது தேர்ச்சி சதவீதத்தைப் பற்றி மட்டும்தானே.

இரண்டு தகவல்கள் என்னைத் தூங்கவிட்டதில்லை. பிசா 2009 என்ற சர்வதேசத் தேர்வில் இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. நம் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கணக்கில் 351, அறிவியலில் 348. வளர்ந்த நாடுகளின் சராசரி ஐந்நூறை ஒட்டி இருந்தது. 2015 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலோ ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அறிவியலில் சென்டம் எடுத்தார்கள். இரண்டும் உண்மைதான். புக் பேக் கேள்விக்கு விடை எழுதப் பழகிய பிள்ளை அதை எழுதியது. முன்பின் பார்த்திராத கேள்வி வந்ததும் கை நின்றுபோனது. அந்தப் பிள்ளைக்கு மூளை இல்லாமலில்லை. பிடிபடாத ஒன்றோடு பத்து நிமிடம் மல்லுக்கட்ட அதன் ஆசிரியருக்கே நாம் வாய்ப்புக் கொடுத்ததில்லை.

நான் ஓய்வுபெறும் முன் நடத்திய கடைசிப் பயிற்சிக்கு ஒரு பை நிறையக் கட்டைகள் கொண்டு போனேன். பழைய டார்ச் பல்புக்காக நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது, எல்லாம் எல்.இ.டி. ஆகிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு, மேஜைமேல் கொட்டினேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமே ஆன ஒரு டீச்சர் ஐந்தாவது முயற்சியில் எரியவைத்தார். அதோடு விடவில்லை. கட்டையைத் தலைகீழாக்கிப் பார்த்தார்.

“திருப்பினாலும் எரியுது. எல்.இ.டி. இப்படி எரியாதே, ஏன் சார்?”

யாரோ சாவிக்கொத்தில் தொங்கிய குட்டி விளக்கைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒரு கட்டை போதவில்லை, இன்னொன்றை ஒட்டிப் பிடித்தோம். வருகைப் பதிவேடு வந்தபோது மேஜையைச் சுற்றி பதினைந்து தலைகள் குனிந்திருந்தன. கையெழுத்துப் போட ஒருவரும் நிமிரவில்லை.