சித்தப்பா அடித்த சிக்ஸர்

2011 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இந்தியா ஜெயித்ததற்குக் காரணம் எங்கள் சித்தப்பா. குலசேகர பந்து போட்டார், தோனி தூக்கி அடித்தார் என்பதெல்லாம் பத்திரிகைச் செய்தி. சேவாக் இரண்டாவது பந்திலேயே டக் அவுட்டானபோது சித்தப்பா சோபாவில் இருந்தார். டெண்டுல்கரும் 18 ரன்னில் கிளம்பியதும் எழுந்துபோய்ச் சமையலறை வாசலில் நின்றார். கம்பீர் நிலைத்துவிட்டார். அப்புறம் யார் சித்தப்பாவை உட்கார விடுவார்கள்? ராத்திரிச் சாப்பாடுகூட நின்றபடிதான். கம்பீர் 97-இல் போல்டானபோது அவர் பாத்ரூம் போயிருந்தார். "மூணே ரன், பொறுத்துக்கக் கூடாதா?" என்று சித்தி இன்றைக்கும் கேட்பதுண்டு.

இப்படி நம்புவதற்குக் கட்டுப்பாட்டு மாயை என்று பெயர். 1975-இல் எல்லன் லேங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு டாலர் லாட்டரிச் சீட்டுகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். சிலர் தாங்களே பார்த்துப் பொறுக்கினார்கள்; மற்றவர்களுக்குக் கையில் கொடுத்ததுதான். பிறகு, "திருப்பிக் கொடுக்கிறீர்களா, என்ன விலை?" என்று கேட்டால், கொடுத்ததை வாங்கியவர்கள் சராசரியாக 1.96 டாலர் கேட்டார்கள். தானே பொறுக்கியவர்கள் கேட்டது 8.67! தாயக்கட்டையை ஊதி உருட்டும் எங்கள் பாட்டியிடம் வந்திருந்தால் லேங்கருக்குச் செலவே ஆகியிருக்காது.

மும்பை மைதானத்தையே ஆட்டிவைத்த சித்தப்பா, ஒரு வேட்டி எடுக்க ஜவுளிக்கடைக்குப் போனார். முதலில் ரோஸ்மில்க் வந்தது. "எடுக்கணும்னு இல்ல சார், சும்மா பாருங்க" என்று கடைப் பையன் பட்டுப்புடவைகளை விரிக்க ஆரம்பித்தான். விரித்தான், விரித்தான், அவனே புடவைக் குவியலுக்குள் மறையும்வரை விரித்தான். வாங்கிக் குடித்தவனுக்குக் கைம்மாறு செய்யாமல் எழுந்திருக்க மனம் வராது என்று உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984-இல் புத்தகமே எழுதிவிட்டார். கடைக்காரர்கள் அதைப் படிக்கவில்லை, அவர்களுக்குத் தேவையும் இல்லை.

சித்தப்பா இரண்டு பட்டுப்புடவைகளோடு வந்தார். வேட்டி இல்லை.

"உங்க தலையில நல்லாக் கட்டிட்டான்" என்றேன்.

"என் தலையிலயா? அவன் காட்டினதையெல்லாம் தள்ளிட்டு நானே பார்த்துப் பொறுக்கினது!"

அதேதான், 8.67 டாலர். மற்றவர்களைவிடத் தனக்கு மனச்சாய்வு குறைவு என்றே பெரும்பாலோர் நினைப்பதாக உளவியலாளர் எமிலி ப்ரோனின் குழுவினர் 2002-இல் கண்டார்கள். சித்தப்பாவும் சித்தியைப் பற்றி அதைத்தான் சொன்னார்: "உன் சித்திதான் பேச்சுக்கு மயங்குவா."

பண்டிகைக்குத் துணி எடுக்கக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே வயிறு முட்ட ரோஸ்மில்க் குடித்துவிட்டுப் போங்கள்.