13 அடி மதில்

ஆதார் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த 2018 மார்ச் மாதம், அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் நாட்டு மக்கள் வயிற்றில் பால் வார்த்தார். நூறு கோடிக்கும் மேலானவர்களின் தகவல்கள் பத்திரமாக இருக்கின்றன, 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள மதிலுக்குப் பின்னால் வைத்திருக்கிறோம் என்றார். தகவல் திருடுகிறவன் அமாவாசை இரவில் நூலேணியும் சாக்குப் பையுமாக வருவான் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மதிலுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்பதை இரண்டரை மாதம் முன்பே ‘தி ட்ரிப்யூன்’ நாளிதழ் கண்டுபிடித்திருந்தது. வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜெண்ட், 500 ரூபாய், பத்து நிமிடம். கைக்கு ஒரு யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் வந்தன. எந்த ஆதார் எண்ணைத் தட்டினாலும் பெயர், முகவரி, போட்டோ, போன் நம்பர் எல்லாம் வந்து விழுந்தன. இன்னும் 300 ரூபாய் தள்ளினால் அட்டையைப் பிரிண்ட் போடும் மென்பொருளும் உண்டு. ஆதார் ஆணையம் சும்மா இருக்கவில்லை, உடனே போலீசுக்குப் போனது. புகாரில் செய்தி எழுதிய நிருபரின் பெயரும் இருந்தது.

ஆனாலும் அந்த மதிலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நல்ல மதில், ஆணையிட்ட வேலையைச் செய்யும் மதில். நம் வீட்டுச் சமாச்சாரமெல்லாம் அதைத் தாண்டி உள்ளே போகிறது. உள்ளேயிருந்து நாம் எதைக் கேட்டாலும் வெளியே வரும் பதில் ஒன்றுதான்: தகவல் இல்லை.

2020 ஏப்ரலில் அரசின் கொரோனா செயலி ஆரோக்கிய சேது வந்தது. புளூடூத்தைப் போடு, ஜி.பி.எஸ்ஸைப் போடு, இருமினாயா சொல் என்றது. மே மாதம் வேலைக்குப் போகிறவர்கள் அத்தனை பேர் போனிலும் அது இருந்தாக வேண்டும் என்றது உள்துறை அமைச்சகம். நொய்டா போலீஸ் ஒரு படி மேலே போய், ஸ்மார்ட்போனில் செயலி இல்லாமல் தெருவுக்கு வந்தால் வழக்கு என்று அறிவித்தது. கோடிக்கணக்கானவர்கள் இறக்கிக்கொண்டார்கள். பிறகு ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார்: இதைச் செய்தது யார்? செயலியின் தளத்திலேயே தேசியத் தகவல் மையத்தின் பெயர் போட்டிருந்தது. அந்த மையம், எங்களிடம் தகவல் இல்லை என்றது. தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தைக் கேட்டால் இன்னொரு பிரிவைக் காட்டியது. அந்தப் பிரிவு, இது எங்கள் சமாச்சாரமே இல்லை என்றது. அக்டோபரில் மத்தியத் தகவல் ஆணையம் பொறுமை இழந்து நோட்டீஸ் அனுப்பிய பிறகுதான் அரசுக்கு நினைவு திரும்பியது. நீ யாரோடு, எங்கே நின்றாய் என்று நாட்டையே விசாரித்த செயலிக்குத் தன் அப்பன் பேர் தெரியவில்லை.

இணையத்தை வெட்டும் விஷயத்தில் இந்த மறதி இன்னும் முற்றிய நோய். ஒரு மாவட்டத்தை இருட்டாக்க உள்துறைச் செயலாளரின் கையெழுத்து ஒன்று போதும். தாள் போன வேகத்தில் கம்பெனிகள் ஸ்விட்சை அணைத்துவிடுகின்றன. மாதத்தை 28 நாளாகச் சுருக்கி, ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்யவைத்த சாமர்த்தியசாலிகள், இந்தத் தாளைப் பார்த்தால் மட்டும் கைகட்டி நிற்கிறார்கள். சரி, நாட்டில் எத்தனை முறை இப்படி அணைத்தீர்கள்? தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கேட்டு 2021 டிசம்பரில் அறிக்கை தந்தது. உள்துறையிடம் பதிவு இல்லை, தொலைத்தொடர்புத் துறையிடமும் இல்லை. மாநிலங்கள் அணைக்கின்றன, நாங்கள் என்ன செய்ய என்றார்கள். உங்கள் பாட்டியின் கருவிழியைக் கணக்கில் வைத்திருக்கும் அரசிடம் இந்தக் கணக்கு இல்லை.

ஆகவே கணக்கை வெளிநாட்டுக்காரன் எழுதுகிறான். ‘ஆக்சஸ் நவ்’ என்ற அமைப்பின் கணக்குப்படி 2018 முதல் 2023 வரை ஆறு ஆண்டும் உலகிலேயே அதிகமாக இணையத்தை வெட்டிய நாடு இந்தியா. 2023இல் மட்டும் 116 முறை. 2024இல் முதலிடம் கைநழுவியது. இந்தியா 84, மியான்மர் 85. அங்கே நடப்பது ராணுவ ஆட்சி, உள்நாட்டுப் போர். அவ்வளவு பாடுபட்டும் அவர்களால் ஒன்றே ஒன்றுதான் கூடுதலாக வெட்ட முடிந்தது.

2021 செப்டம்பரில் ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வு. காப்பியடிப்பதைத் தடுக்கப் பல மாவட்டங்களில் மொபைல் இணையம் நிறுத்தம். டீக்கடையில் யு.பி.ஐ. இல்லை, ஆட்டோ ஆப் இல்லை, நாடு பரீட்சை எழுதியது. பிகானேரில் செருப்புக்குள் போனும் புளூடூத்தும் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தவர்கள் பிடிபட்டார்கள். லட்சக்கணக்கில் விலை போன செருப்பு. கேள்வித்தாளோ அதற்கு முன்பே ஜெய்ப்பூரில் அரசுக் கல்வி வளாகத்தில், பூட்டி வைத்திருந்த அறையிலிருந்தே வெளியே போயிருந்தது. அடுத்த பிப்ரவரியில் அந்தத் தேர்வின் ஒரு பிரிவை ரத்து செய்தார்கள். திருடியவனுக்கு இணையம் தேவைப்படவில்லை, சாவி போதுமாயிருந்தது. வெட்டுப்பட்டது டீக்கடைக்காரன்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்றால் காஷ்மீர் குறுக்கே நிற்கிறது. 2019 ஆகஸ்ட் 4 இரவு அங்கே இணையமும் போனும் போயின. முழு வேகத்தில் 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். ஒன்றரை ஆண்டு. நடுவில் டிசம்பர் மாதம் ஒருநாள், வெளியூரில் இருந்த காஷ்மீரிகள் தங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா வெளியேறினார், மாமா வெளியேறினார், தங்கை வெளியேறினார் என்று வரிசையாக வந்து விழுந்தது. யாரும் வெளியேறவில்லை. 120 நாள் பயன்படுத்தாத கணக்கைத் தானாக அழிப்பது வாட்ஸ்அப்பின் விதி. அரசு இணையத்தை வெட்டியது, கம்பெனி ஆளையே வெட்டியது, இருவரும் விதிப்படி நடந்தார்கள். ரயில் ஓடத் தொடங்கியதும் பள்ளத்தாக்கிலிருந்து ஜனங்கள் கூட்டமாக பனிஹாலுக்குப் போனார்கள். அங்கே இணையம் இருந்தது. அந்த ரயிலுக்கு ‘இன்டர்நெட் எக்ஸ்பிரஸ்’ என்றே பேர் வந்துவிட்டது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு 300 ரூபாய் வரை கொடுத்து, தேர்வு விண்ணப்பம் போட்டுவிட்டு, மாலை ரயிலில் இருட்டுக்குத் திரும்பினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் நிதி ஆயோக் உறுப்பினர் வி.கே. சாரஸ்வத் திருவாய் மலர்ந்தார். அங்கே இணையம் இல்லாததால் என்ன குடி முழுகிப்போயிற்று, ஆபாசப் படம் பார்ப்பதைத் தவிர அங்கே என்ன செய்கிறார்கள் என்றார். நாட்டின் வளர்ச்சியைத் திட்டமிடும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர். கண்டனம் எழுந்ததும், சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்றார். திரிக்காமல் கேட்டால் எப்படி இருந்திருக்குமோ.

2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீர் இணைய வெட்டை எதிர்த்த அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்றது. இணையத்தைத் திருப்பிக் கொடு என்று மட்டும் சொல்லவில்லை. அரசு அந்த இடைவெளியில் புகுந்து, 2ஜி வேகத்தில் 301 தளங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தது. சமூக ஊடகம் கிடையாது. பட்டியலில் நெட்ஃபிளிக்ஸ் இருந்தது. 2ஜியில் நெட்ஃபிளிக்ஸ்! ஒரு படத்தைத் தொடங்கினால் பேரன் காலத்தில் கிளைமாக்ஸ் வரும்.

இதே நாட்டில் 2015இல் ஃபேஸ்புக் ஒரு திட்டத்தோடு வந்தது. ஏழைகளுக்கு இலவச இணையம். ஆனால் எந்தத் தளங்களைப் பார்க்கலாம் என்பதற்கு வாசல் நாங்கள் வைப்போம் என்றது. ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பேர். நாளிதழில் முழுப்பக்க விளம்பரம், பயன்படுத்துகிறவர்களை வைத்தே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு ஒரே அச்சில் வார்த்த கடிதங்கள். ஜனங்கள் எதிர்த்தார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அதற்குத் தடை போட்டது. வெள்ளைக்காரக் கம்பெனி நமக்கு எந்தச் சாளரம் திறக்கலாம் என்று முடிவுசெய்வதா என்று மார்தட்டினோம். நான்கே ஆண்டில் நம் சர்க்கார் 301 சாளரத்தைத் திறந்து, மற்றதை ஆணியடித்து வைத்தது. அப்போது மார்தட்டிய பலருக்குக் கை வலித்திருக்கும்.

அந்த டிராய்க்கும் ஒரு பெருமை உண்டு. இணையச் சமநிலையைக் காப்பாற்றச் சொல்லி 2015இல் பத்து லட்சத்துக்கும் மேலானோர் மின்னஞ்சல் அனுப்பினார்கள். டிராய் அத்தனை பேரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் தன் தளத்தில் பொதுவில் போட்டது. ஸ்பாம் அனுப்புகிறவர்களுக்கு அரசு செலவில் டைரக்டரி. 2018 ஜூலையில் அதே டிராயின் தலைவர் ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் கெடுதல் செய்து பாருங்கள் என்றார். சில மணி நேரத்தில் அவருடைய போன் நம்பர் முதல் பல விவரங்களை எடுத்து வரிசை கட்டினார்கள். ஒரு கெடுதலும் நடக்கவில்லை என்றார் அவர். சில நாளில் ஆதார் ஆணையம் பொதுமக்களுக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது: ஆதார் எண்ணைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

2022 மே மாதம் இன்னொரு அறிவுரை வந்தது. ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள், தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் சொன்னது. சத்தியமான வார்த்தை. லாட்ஜில் கேட்கிறான், சிம் கடையில் கேட்கிறான். ஜெராக்ஸ் கடையில் சரியாக விழாத நகல்கள் மேஜைக்கடியில் அட்டைப்பெட்டி நிறையக் கிடக்கின்றன, யார் யாருடைய முகமோ தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த உண்மை இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று அறிவுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2025 நவம்பரில் புதுப் போன் எல்லாவற்றிலும் அரசின் ‘சஞ்சார் சாத்தி’ செயலியை ஏற்றித்தான் விற்க வேண்டும், அதன் வேலையை முடக்கக்கூடாது என்று உத்தரவு. எதிர்ப்புக் கிளம்பியதும், வேண்டாம் என்றால் அழித்துக்கொள்ளுங்கள் என்றார் அமைச்சர். மறுநாள் உத்தரவே போயிற்று. போனது போலத்தான் தெரிகிறது.

பெகாசஸ் உளவு மென்பொருளை வாங்கினீர்களா, இல்லையா? ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடிகிற கேள்வி. உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவே, அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022இல் சொல்லிவிட்டுப் போனது.

தமிழ்நாட்டுக்காரர்கள், இதெல்லாம் டெல்லிக் கதை என்று நினைக்க வேண்டாம். 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போனவர்களில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 23 அன்று தமிழக அரசு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாளுக்கு இணையத்தை நிறுத்த உத்தரவிட்டது. வதந்தி பரவுகிறதாம். பிணவறை வாசலில் நின்றவன் தன் வீட்டுப் பிணத்தைப் பற்றிப் பேசினால் அதற்குப் பேர் வதந்தி. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, துப்பாக்கிச் சூட்டை உங்களைப் போல டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்துக்கு வந்தது. ஓடுகிறவர்களைச் சுட்டார்கள் என்றது அறிக்கை. நிமிடத்துக்கு நிமிடம் முதல்வருக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது, டி.வி.யில் பார்த்தேன் என்றது உண்மையல்ல என்றது. வதந்தி எங்கிருந்து கிளம்பியது என்று இப்போது தெரிகிறதா? அந்த வாய்க்கு யாரும் சிக்னலை வெட்டவில்லை.

இத்தனைக்கும் அந்தரங்கம் நம் அடிப்படை உரிமை. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கு. அப்படி ஓர் உரிமையே இல்லை என்று கோர்ட்டில் நின்று வாதாடியது மத்திய அரசு. தோற்றதும் திருந்திவிட்டது என்று நினைத்தோம். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். உங்கள் தகவலைக் கோட்டைவிட்ட கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். பணம் போவது அரசின் தொகுப்பு நிதிக்கு. உங்களுக்கு? பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்க ஐ.டி. சட்டத்தில் இருந்த பிரிவையும் எடுத்துவிட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அற்பமான புகார் கொடுத்தீர்கள் என்று முடிவானால் உங்களுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம். அரசு அமைப்பு எதையாவது இந்தச் சட்டத்திலிருந்து விலக்க வேண்டுமா, மத்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டால் முடிந்தது.

இதெல்லாம் சில்லறை. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கைவைத்தது. தனிப்பட்ட தகவலானாலும் பொதுநலன் இருந்தால் கொடுத்தாக வேண்டும் என்று 8(1)(j) பிரிவில் இருந்த வரிகள் போய்விட்டன. 2025 நவம்பரில் அது அமலுக்கும் வந்துவிட்டது. பொதுநலனுக்கு 8(2) இருக்கிறதே என்கிறது அரசுத் தரப்பு. இருக்கிறது. பொதுநலன் எது என்று தீர்மானிக்க உட்கார்ந்திருப்பவரும் அதே ஆபீஸ்காரர்தான். அந்தரங்கம் என்ற உரிமையே கிடையாது என்று ஒன்பது நீதிபதிகள் முன் சாதித்தவர்கள் கடைசியில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நூறு நாள் வேலையில் கூலி வாங்கியதாக எழுதியிருக்கும் பெயர்கள் யாருடையவை? தனிப்பட்ட தகவல். ரோடு போட்ட கான்ட்ராக்டர் யார்? தனிப்பட்ட தகவல். தூத்துக்குடியில் சுட்ட அதிகாரி மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று ஒரு மனுப் போட்டுப் பாருங்கள். அவருடைய அந்தரங்கத்தில் தலையிட நீங்கள் யார்?