ஆசிட்டுக்கு இல்லாத பயம் ஆடிட்டுக்கு

அரசு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் லேப், சொர்க்கவாசல் மாதிரி. வருஷத்துக்கு ஒரு தடவைதான் திறக்கும். வைகுண்ட ஏகாதசிக்கு அல்ல, பிளஸ் டூ பிராக்டிகலுக்கு. தேர்வு நெருங்கும்போது சாவி தேடுவார்கள். சாவி கிடைத்ததும் மாணவர்கள் கையில் துடைப்பம் வரும். ஒட்டடை அடித்து, மேசை துடைத்து, லேபிள் உதிர்ந்த பாட்டில்களைத் திறந்து முகர்ந்து, 'இது ஹெச்.சி.எல்., அது அம்மோனியா' என்று பிரித்து வைப்பார்கள். லேபில் முதலில் சொல்லித்தர வேண்டிய விதி ஒன்று உண்டு: எந்த ரசாயனத்தையும் நேராக முகரக் கூடாது.

எல்லாப் பள்ளியும் இப்படியா? இல்லை. சொந்தக் காசில் கையுறை வாங்கி வைக்கிற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஏன் சொந்தக் காசைச் செலவழிக்க விட்டீர்கள் என்பதுதான் கேள்வி.

பிப்பெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 20 மில்லி ஆக்சாலிக் அமிலம் அளந்தெடுக்க வேண்டும். பதினேழு வயதுப் பெண் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறாள். ஒரு கண் குழாயில் போட்ட கோட்டின் மேல். இன்னொரு கண் வெளியிலிருந்து வந்த தேர்வாளரான எக்ஸ்டர்னல் மேல். கோட்டைத் தாண்டினால் அமிலம் நாக்கில். "துப்பிட்டு வாயைக் கொப்பளிச்சுக்கம்மா." முதலுதவி முடிந்தது. ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கிற நஞ்சு. வாயால் உறிஞ்சும் பழக்கத்தை உருப்படியான ஆய்வகங்கள் எப்போதோ விட்டொழித்தன. அதற்கு மாற்று, குழாயின் தலையில் மாட்டுகிற ஒரு ரப்பர் பல்பு. எக்ஸ்டர்னலுக்கு மதியம் வரவழைக்கிற மட்டன் பிரியாணியின் விலைக்குள் ஒன்று வாங்கிவிடலாம். பிரியாணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பில் வசூல் உண்டு. பல்புக்கு நிதி இல்லை.

அமிலம் மேலே பட்டால் ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். ஓடுகிற தண்ணீர். லேப் குழாயைத் திறந்தால் காற்று ஓடுகிறது. தண்ணீர், மைதானத்துக் கைப்பம்பிலிருந்து இரண்டு வாளியில் வருகிறது. பியூரெட் கழுவவும் அதே வாளி, கண்ணில் தெறித்தால் கழுவவும் அதே வாளி. அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்று நம் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் தண்ணீருக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

ஹைட்ரஜன் சல்ஃபைடு என்றொரு வாயு. உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு அதன் அழுகிய முட்டை நாற்றம் மறக்காது. செறிவு கூடினால் அது மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக மூச்சு விடுகிற நேரம்தான் ஆளைக் கொல்லும் நேரம். பள்ளிக் கல்வித் துறை அந்தக் கட்டத்தை அடைந்து பல வருஷம் ஆகிறது. புகையை வெளியே தள்ள வேண்டிய எக்ஸாஸ்ட் ஃபேனில் புறா குஞ்சு பொரித்திருக்கிறது.

இனி அலமாரி. மண்ணெண்ணெய் வற்றிய பாட்டிலில் சோடியம். ஈரம் பட்டால் பற்றிக்கொள்ளும். மேலே ஒழுகுகிற கூரை. பக்கத்தில் பேரியம் குளோரைடு, லெட் நைட்ரேட், எவர் படித்தபோது வாங்கியது என்று தெரியாத இன்னும் சில. உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம் பிள்ளைகளின் உள்ளங்கையில் உருள்கிறது. பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-ல் ஏற்றுக்கொண்டது. டெல்லியிலிருந்து அந்தச் செய்தி அலமாரிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கெட்டுப்போனதைத் தூக்கிப் போட்டால் என்ன? போட முடியாது. இருப்புப் பதிவேட்டில் 500 கிராம் என்றிருந்தால் அலமாரியிலும் 500 கிராம் இருந்தாக வேண்டும். கல்லாய் இறுகியிருக்கலாம், நிறம் மாறியிருக்கலாம். குறையக் கூடாது. கண்டம் செய்ய முன்மொழிவு அனுப்ப வேண்டும். அதை அனுப்பினால், 'ஏன் பயன்படுத்தவில்லை?' என்று பதில் வரும். எந்த ஹெச்.எம். வலியப் போய் மாட்டிக்கொள்வார்? ஓய்வு பெறுகிற வருஷத்தில் ஆசிட் தெறித்தாலும் பென்ஷன் வரும். ஆடிட் தடை விழுந்தால் வராது. உடைந்த குடுவையின் சில்லுகளை, தணிக்கைக்காரர் கேட்டால் காட்டுவதற்கென்றே அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிற பள்ளிகள் உண்டு. குடுவை உடைந்ததற்குப் பதிவேடு இருக்கிறது. உடைத்தவனிடம் வசூலும் இருக்கிறது. சில்லு கிழித்த கைக்கு எந்தப் பதிவேடும் இல்லை.

கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவுகளை முறைப்படி புதைக்க ஓர் இடம் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்கு. பள்ளியின் கும்மிடிப்பூண்டி, லேபுக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடி. மதிய உணவுக்குத் தட்டு கழுவுகிற இடமும் அங்கேதான்.

சட்டம் இல்லையா என்று கேட்காதீர்கள். சட்டத்துக்கு நம்மிடம் பஞ்சமே கிடையாது. அமில வீச்சு வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கும் சேர்த்தே உத்தரவிட்டது. அமிலப் பயன்பாட்டுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். அதைக் கோட்டாட்சியர் நிலையிலுள்ள நடுவரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். ஆய்வகத்தை விட்டு வெளியேறும் மாணவர்களைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். உங்கள் ஊர்ப் பள்ளியின் அமிலப் பதிவேட்டைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் எந்தப் பத்திரிகை என்று திருப்பிக் கேட்பார்கள்.

ஆள் போடவில்லையா? போட்டார்கள். 2015 மே மாதம் 4,362 ஆய்வக உதவியாளர் பணியிடங்களுக்கு எழுத்துத் தேர்வு நடந்தது. முடிவு 2017-ல் வந்தது. இவ்வளவு மெதுவான வினை எந்த வேதியியல் புத்தகத்திலும் கிடையாது. வேலைக்கு வந்தவர்களைப் பல பள்ளிகளில் ஆபீசில் உட்காரவைத்து, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றச் சொன்னார்கள். ஆய்வகத்துக்குள் போய்விடாமல் அவர்களை மட்டும் பத்திரமாகப் பாதுகாத்தார்கள்.

பணம் இல்லை என்பதும் பொய். அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். முப்பரிமாணப் பொருள்களை அச்சடிக்கிற இயந்திரம் வரும். ரிப்பன் வெட்டிப் படம் எடுக்கலாம். ஹைடெக் லேப் என்றால் கணினி அறை. அதற்கும் படம் உண்டு. கண் கழுவும் குழாய்க்கு எந்த அமைச்சர் ரிப்பன் வெட்டுவார்?

தனியார் பள்ளி மேலா? அங்கே பிரச்சினையே இல்லை. கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று நான்கு சான்றிதழ்கள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும். ரசாயன அலமாரியைத் திறப்பது அந்த நான்கில் எதன் வேலையும் இல்லை. நீட் பயிற்சி சூடுபிடித்த இடங்களில் பிள்ளை லேப் பக்கமே போவதில்லை. நைட்ரேட் சோதனையில் என்ன வளையம் வரும் என்று கேட்டால் 'ஆப்ஷன் சி' என்பான். அமிலத்தையே காட்டாத இடத்தில் விபத்து ஏது? பாதுகாப்பில் நூற்றுக்கு நூறு.

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள் எரிந்தார்கள். அதன் பிறகுதான் கூரை தீப்பிடிக்கும் என்று அரசாங்கம் கண்டுபிடித்தது. ஊர் ஊராகப் போய்க் கூரையைப் பிய்த்தார்கள். அமிலம் சுடும் என்ற கண்டுபிடிப்புக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை.

அந்தத் தேதி வரும்போது என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். முதல் நாள் அமைச்சர் ஆஸ்பத்திரிக்கு வருவார், கையில் காசோலை, பின்னால் கேமரா. இரண்டாம் நாள் வேதியியல் ஆசிரியர் பணியிடை நீக்கம். மூன்றாம் நாள் எல்லா முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் சுற்றறிக்கை: அனைத்து ஆய்வகங்களிலும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, முதலுதவிப் பெட்டி இருப்பதை உறுதி செய்து, இன்று மாலை ஐந்து மணிக்குள் புகைப்படத்துடன் அறிக்கை அனுப்ப வேண்டும். இதற்கென நிதி ஏதும் கோரக் கூடாது.