கேபினட் விட்டுக் கேபினட் பாய்தல்

புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் பழைய ஹார்ட் டிஸ்கைப் பொருத்தும்போது எது எதற்குள் போகிறது என்ற வினாவை அறிஞர்கள் இன்னும் முறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டு, பிராசஸர், ராம், எஸ்எம்பிஎஸ், கேபினட் எல்லாம் புதிதாக வாங்கிவிட்டு, கடைசியில் பையிலிருந்து துணி சுற்றிய பழைய டிஸ்க் ஒன்றை எடுத்து "இதையும் உள்ள போட்டுடுங்க" என்பவர், புதுக் கணினிக்கு உபரியாக ஓர் உறுப்பைச் சேர்ப்பதாகவே நம்புகிறார். பொருத்தித் தருபவரும் அப்படியே நம்புகிறார். பில்லில் அந்த டிஸ்குக்கு ஒரு வரிகூட இராது. இக்கட்டுரை இருவரையும் மறுக்கிறது. அங்கே கணினி என்று சொல்லத்தக்கது அந்தப் பழைய டிஸ்க் ஒன்றே. காசு கொடுத்து வாங்கிய மற்ற யாவும் அதற்கு வாய்த்த உடம்பு.

இதற்கு முதற்சான்று டிஸ்கின் நடத்தையிலேயே கிடைக்கிறது. பழைய டிஸ்கைப் புது விண்டோஸின் கீழ் இணைத்து, உரிமையாளர் தம் பழைய கோப்புறையைத் திறக்க முயல்கிறார். உமக்கு அனுமதி இல்லை என்று திரையில் பதில் வருகிறது. அதே மனிதர், அதே பெயர், அதே பாஸ்வேர்டு, இருந்தும் பயனில்லை. பழைய விண்டோஸ் அவருக்கு வழங்கியிருந்த நீண்ட அடையாள எண்தான் டிஸ்கில் எழுதப்பட்டிருக்கிறது. புது விண்டோஸில் அவர் வேறு எண்ணோடு வந்து நிற்கிறார். வெறும் உதிரிப்பாகம் வாங்கியவரை யாரென்று கேட்குமா? மேலும், எத்தனை மணி நேரம் மின்சாரத்தில் இருந்தோம் என்பதை டிஸ்க் தன் ஸ்மார்ட் பதிவேட்டில் தானே குறித்துக்கொள்கிறது. கேபினட்டுக்கு அப்படி ஒரு பழக்கம் கிடையாது. வரலாறும் நம் பக்கமே. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் டிஸ்க் அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஏறக்குறைய 50 லட்சம் எழுத்துகளைக் கொள்ளும் அதன் எடை ஒரு டன் அளவு. அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் "இதையும் உள்ள போட்டுடுங்க" என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. பிற்காலத்தில் மூன்றரை அங்குலமாகச் சிறுத்ததால் மரியாதை போயிற்று, அவ்வளவே.

அஃதேல், விண்டோஸ் உரிமம் மதர்போர்டை அல்லவா கணினியாகக் கொள்கிறது எனின், உண்மைதான். மதர்போர்டை மாற்றினால் மென்பொருள் வேறு வீட்டுக்கு வந்துவிட்டதாகக் கருதி மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்கிறது. டிஸ்கை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுவே. இதற்கு விடை சாத்தனூரில் இருக்கிறது. கயிலையிலிருந்து வந்த யோகி ஒருவர், இறந்துகிடந்த மூலன் என்ற இடையனின் உடலில் புகுந்ததைப் பெரிய புராணம் சொல்கிறது. மூலன் எழுந்ததைக் கண்டு பசுக்கள் மகிழ்ந்தன. மனைவியும் கணவன் என்றே நெருங்கினாள். ஊர்ப் பெரியோர்தாம் கண்டு ஆராய்ந்து, இவர் நிலை வேறு எனத் தெளிந்தனர். உரிமம் பார்க்கும் மென்பொருள் பசுக்களின் கட்சி. பெயர் மட்டும் உடலின் பெயராகவே நிலைத்துத் திருமூலர் ஆயிற்றே என்று மடக்குவார் உண்டு. நிலைத்தது பெயர்தான், திருமந்திரத்தை மாடு மேய்த்த மூலன் பாடியதாக எவரும் சொல்வதில்லை. யோகி விட்டுச் சென்ற பழைய உடல் பிறகு தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். பழைய கேபினட் இந்நேரம் பழைய இரும்புக் கடையில் இருக்கிறது.

டிஸ்கே உயிர் என்றால், புது உடம்பில் அது ஏன் பல சமயம் கண்விழிப்பதில்லை என்றும் கேட்கலாம். ஐடிஇ முறையில் விண்டோஸ் 7 நிறுவிய டிஸ்கை ஏஹெச்சிஐ முறையில் இயங்கும் போர்டில் மாட்டினால், நீலத்திரையில் 0x7பி என்று முனகிவிட்டு நின்றுவிடும். பழைய எம்பிஆர் முறையில் அமைந்த டிஸ்கிலிருந்து துவங்கவே மாட்டேன் என்னும் புதுப் போர்டுகளும் உள. இவை நம் கொள்கையை உடைப்பதில்லை. உடம்பு பிடிக்காமல் உயிர் முரண்டுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இனி வேகக் குற்றச்சாட்டு. நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் தட்டில், வேண்டிய இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக 4.17 மில்லி வினாடி ஆகிறது. 4 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர் அதற்குள் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளைக் கடந்துவிடுகிறது. எஸ்எஸ்டி கட்சியார் இதைக் குறையென்று காட்டுவர். கல்யாண வீட்டில் யார் வந்தபின் பந்தி தொடங்குகிறது என்று பார்த்தால் அந்த வீட்டுக்குப் பெரியவர் யார் என்று தெரிந்துவிடும். 'இவ்வளவு காசு போட்டும் ஸ்லோவா இருக்கே' என்னும் புலம்பல் மூப்பை ஒப்புக்கொள்வதன்றி வேறில்லை.

பழையது என்றாவது சாகுமே என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் நாம் தலைவணங்க வேண்டியிருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், பழுதானவற்றுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், வெப்பநிலை நீங்கலாக எந்த ஸ்மார்ட் குறியீட்டிலும் முன்னறிவிப்புத் தரவில்லை என்று கண்டார்கள். சொல்லாமல் போகிறவை ஏராளம். ஆதலால் அறிந்தவர்கள் எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்கு நகல் எடுக்கச் சொல்கிறார்கள். அது சரியான யோசனையும்கூட. ஆனால் நகல் எடுத்தபின் உயிர் இரண்டாகிவிடுமே, எது அசல் என்று தர்க்கம் தெரிந்தவர் கேட்பார். இதைச் சோதித்தே அறியலாம். கோப்புகளின் எண்ணிக்கை ஒத்துப்போகிறது, படங்களெல்லாம் திறக்கின்றன, 'பேக்கப்' என்ற கோப்புறைக்குள் இருந்த 'பழைய பேக்கப்' வரை வந்து சேர்ந்துவிட்டது என்று உறுதிசெய்த பிறகு, "பழசை ஃபார்மட் அடிச்சிடவா சார்?" என்று உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். "வேணாம், இருக்கட்டும்" என்பார். அதைக் கழற்றி, மறுபடி துணியில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் வைப்பார். அங்கே அதற்கும் மூத்த ஒன்று, 40 ஊசி கொண்ட பட்டைக் கேபிள் காலத்தது, ஏற்கெனவே இருக்கும். அதைச் சொருக இன்றைய மதர்போர்டில் இடமில்லை. யுஎஸ்பி அடாப்டர் கிடைக்கிறது.