ஏழே கால் அக்கா

என் செல்போனில் அவர் பெயர் 'செங்கல்பட்டு ரெண்டாவது ஜன்னல்'. அவர் செல்போனில் நான் 'கூடுவாஞ்சேரி கண்ணாடி'. ஆறு வருஷப் பழக்கம். அவர் மகளுக்கு எந்த மாதம் சீமந்தம் நடந்தது என்று எனக்குத் தெரியும். என் மாமியாருக்கு எந்தக் காலில் மூட்டுவலி என்று அவருக்குத் தெரியும். ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொள்ளத்தான் நேரம் வாய்க்கவில்லை. காலை ஏழே கால் கடற்கரை வண்டியில் வருவதால் மகளிர் பெட்டி முழுக்க அவர் 'ஏழே கால் அக்கா'.

அக்கா ஓர் ஆள் இல்லை, ஓர் இனம். செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி என்று மின்சார ரயில் எங்கிருந்தெல்லாம் கிளம்புகிறதோ அங்கெல்லாம் இந்த இனம் உண்டு. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை. தோள்பையில் ஆபீஸ் இருக்கும், கைப்பையில் வீடு இருக்கும். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் விட்டவர்கள், ஜனங்கள் சீக்கிரமாக வேலைக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் நினைத்திருப்பார்கள். அதற்குள் அரைக் கிலோ பீன்ஸ் நறுக்கி முடிந்துவிடும் என்று எந்த இன்ஜினியரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்.

செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குச் சுமார் 60 கிலோமீட்டர்; ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஒட்டிய பயணம். அக்காவுக்குக் கடிகாரம் தேவையில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் தலை பின்னி முடியும். மறைமலைநகரில் தண்ணீர். பொத்தேரியில் இட்லி. நான் ஏறும்போது மல்லிகை மடியில் இருக்கும், நார் பல்லில் இருக்கும். "உக்காரும்மா" என்பதைக் கண்ணால் சொல்லிவிட்டு, எனக்காகப் போட்டு வைத்த சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொள்வார். பெருங்களத்தூர் தாண்டும்போது பூ முழமாகியிருக்கும்.

அதற்குள் முடித்தாக வேண்டும். தாம்பரத்தில் ஏறுகிற கூட்டத்தில் கையை அசைக்க முடியாது; நம் கையைத் தூக்கினால் அடுத்தவர் கையும் சேர்ந்து வரும். எனவே காலையில் தாம்பரம் வரை கைக்கு வேலை, அதற்கப்புறம் வாய்க்கு. மாலையில் தலைகீழ்: தாம்பரம் வரை வாய், கூட்டம் இறங்கிய பிறகு கை. எங்கள் பெட்டியில் இந்தச் சட்டத்தை மீறி பல்லாவரத்தில் வெண்டைக்காயை வெளியே எடுத்தவர்கள் மறுநாள் வேறு பெட்டியில் ஏறினார்கள்.

மாலையில் உட்கார இடம் கிடைக்க இன்னொரு வித்தை. அக்கா ஏறுவது கோட்டை ஸ்டேஷனில். ஆனால் வீட்டுப் பக்கம் போகிற வண்டியில் ஏற மாட்டார். எதிர்த் திசையில் ஒரு ஸ்டேஷன் போய், கடற்கரையில் காலியாக நிற்கிற வண்டியில் ஜன்னலைப் பிடிப்பார். சீசன் டிக்கெட்டைக் கடற்கரை வரை எடுத்திருப்பதே அதற்குத்தான்.

காய்கறிகளை உலகம் நாட்டுக் காய், இங்கிலீஷ் காய் என்று பிரிக்கிறது. அக்கா ரயில் காய், வீட்டுக் காய் என்று பிரிப்பார். கீரை, பூண்டு, பட்டாணி, தை மாத மொச்சை எல்லாம் முதல் தர ரயில் காய்; கத்தியே வேண்டாம், விரல் போதும். பீன்ஸுக்கு ஒரு சின்னக் கத்தி. வாழைப்பூ வீட்டுக் காய். பிசின் ஒட்டும், மோருக்கு எங்கே போவது? சேனைக்கிழங்கு கூடவே கூடாது. ஒருத்தி நறுக்கினால் பெட்டியே சொறியும். சின்ன வெங்காயம் பற்றி மட்டும் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை. ஒருமுறை அதை உரித்தபோது எதிர் சீட்டுப் பெண் தன் நாத்தனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அழுதோம். தன் கதைதான் உருக்கிவிட்டது என்று அவள் இன்றுவரை நம்புகிறாள்.

மாலையில் அக்காவுக்கு இரண்டு அழைப்புகள் வரும். முதலாவது, செக்ஷன் ஆபீசரிடமிருந்து.

"இல்லை சார், விட்டுடலை. என் கையிலதான் இருக்கு. வேர் வரைக்கும் பார்த்துட்டேன். அழுகினதை எல்லாம் தனியா எடுத்தாச்சு. காலையில உங்க மேஜைல இருக்கும்."

மடியில் முளைக்கீரை. பேசியது கோப்பைப் பற்றியா, கீரையைப் பற்றியா என்று நாங்கள் கேட்டதில்லை. இரண்டையும் அவர் ஒரே மாதிரிதான் ஆய்வார்.

இரண்டாவது அழைப்பு வீட்டுக்காரரிடமிருந்து. அவர் சீக்கிரமே வீடு திரும்பிவிடுபவர். திரும்பிய பிறகு தேடுபவர். "ரெண்டாவது தட்டுல பாருங்க. மஞ்சள் டப்பா இல்லீங்க, நீல டப்பா. அதுக்குப் பின்னாடி சர்க்கரை." தினமும் இதே அழைப்பு, தினமும் அதே டப்பா. அக்கா மகளின் சீமந்தத்துக்குப் பெட்டியிலிருந்து எட்டுப் பேர் போயிருந்தோம். அந்த வீட்டுக்கு முதல் தடவை போகிறேன். சமையல்கட்டுக்குள் நுழைந்து, ரெண்டாவது தட்டில் நீல டப்பாவை நகர்த்தி, சர்க்கரையை எடுத்துப் பத்துப் பேருக்குக் காபி கலந்தேன். வாசற்படியில் நின்ற வீட்டுக்காரர் திகைத்துப்போய், "உங்களுக்கு எப்படிம்மா கிடைச்சுது?" என்றார்.

அக்கா மத்திய அரசு ஊழியர். குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று ஒன்று அங்கே 2008-இல் வந்தது: பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள், பிள்ளைக்கு 18 வயது ஆகும் வரை. இப்போதைய விதிப்படி, முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம். அக்கா இதைத் தங்கம் மாதிரி எடை போட்டுச் செலவழித்தார். மகளின் பத்தாம் வகுப்புக்கு இத்தனை, பன்னிரண்டாம் வகுப்புக்கு இத்தனை, மகனின் அம்மைக்கு இத்தனை. ஆண்களில், மனைவி துணையில்லாமல் பிள்ளை வளர்ப்பவருக்கு மட்டுமே அந்த விடுப்பு உண்டு. "மத்த ஆம்பளைங்களுக்கு ஏன்க்கா இல்லை?" என்று கேட்டேன்.

"பொண்டாட்டி இருக்கிறவனுக்கு எதுக்கும்மா லீவு? பொண்டாட்டிதான் லீவு."

ஈ.எல். எனும் ஈட்டிய விடுப்பைத் தொடவே மாட்டார். 300 நாள் வரை சேர்த்து வைத்தால் ஓய்வு பெறும்போது மொத்தமாகப் பணமாக்கலாம். ஜலதோஷம், கால் வீக்கம், சொந்தத் தங்கை கல்யாணத்துக்கு மறுநாள் என்று எல்லாவற்றையும் வண்டியிலேயே கழித்துச் சேர்த்த நாட்கள் அவை.

மகன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்தில் இருக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மடிக்கணினியை விட்டுத் தலையைத் தூக்காமல் சொன்னானாம்: "அம்மா, உனக்கு வொர்க்-லைஃப் பேலன்ஸே இல்லை."

"ஏண்டா இல்லை? ஈ.எல். மட்டும் 287 இருக்கே!"

அவன் தலையில் அடித்துக்கொண்டு விளக்கியிருக்கிறான். வேலை வேறு, வாழ்க்கை வேறு; இரண்டையும் கலக்கக் கூடாது. அவன் கையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. எப்போது தண்ணீர் குடிக்க வேண்டும், எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது மூச்சை இழுத்து விட வேண்டும் என்று அதிர்ந்து அதிர்ந்து சொல்லும். "எனக்கு மறைமலைநகர் வந்தா தண்ணி, தாம்பரம் வந்தா மூச்சு. எதுக்குடா கடிகாரம்?" என்று அக்கா கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் அவனுக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. பேசிக்கொண்டே சாப்பிட்டான். என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் தெரியாது என்றார் அக்கா. பருப்பு உருண்டைக் குழம்பு. ஞாயிற்றுக்கிழமை மெனக்கெட்டு வைத்தது.

பாசக்காரப் பிள்ளை. அடுத்த வாரமே அம்மாவின் ஆபீசுக்குப் பக்கத்தில், மண்ணடியில் ஒரு வீடு பார்த்துவிட்டான். நடந்தே போய்விடலாம். தினமும் மூன்றரை மணி நேரம் மிச்சம்.

"போறீங்களாக்கா?" என்றேன். பெட்டியே காதைத் தீட்டிக்கொண்டது.

அக்கா பதில் சொல்லவில்லை. மொச்சை உரித்து முடித்து, தோலைக் கவரில் கட்டி, கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்று ஒரு துக்கம் விசாரிக்க நானும் செங்கல்பட்டு வரை போக வேண்டியிருந்தது. பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி வந்தது. இருட்டப்போகிற நேரம், தண்ணீரில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அக்காவின் கை சும்மா இருப்பதைப் பார்த்தேன். மடியில் ஒன்றுமில்லை. வாயில் நாரில்லை. போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார், மறுபடி பைக்குள் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது.

வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழையும்போதுதான் பேசினார்.

"மண்ணடியில எங்கம்மா இருக்கு ஏரி?"

பிறகு இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். நீல டப்பாவுக்குப் பின்னால் ஒருவர் தேடிக்கொண்டிருந்தார்.