லூஃபி முகம் லூஃபி மாதிரி இருக்கணும்!

கேள்வி: என் மகன் ‘ஒன் பீஸ்’ என்ற ஜப்பானிய அனிமே தொடருக்குப் பைத்தியம். அதன் நாயகன் லூஃபியின் பொம்மை வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். ஆன்லைனில் அசல் எங்கே கிடைக்கும்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பையனுக்கு நல்ல ரசனை, முதலில் தட்டிக்கொடுங்கள்! புதுப் பொம்மைக்கு ஜப்பானின் ‘அமிஅமி’ இணையக் கடைதான் என் முதல் தேர்வு. ஆனால் அங்கே முன்பதிவு வழக்கம் அதிகம். பொம்மை கடைக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே துண்டு போட்டு இடம் பிடிக்க வேண்டும்.

தவறவிட்டால் ‘மந்தராகே’ இருக்கிறது. மசுசோ ஃபுருகாவா என்ற மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) ஓவியர் 1980-ல் டோக்கியோவின் நகானோ பகுதியில் பழைய மங்கா விற்கத் தொடங்கிய கடை அது. இன்று அரிய பொம்மைகளுக்கும் அனிமே மூல ஓவியங்களுக்கும் அதுதான் சொர்க்கம். செகண்ட் ஹேண்ட் என்று முகம் சுளிக்காதீர்கள். அமிஅமியிலும் பழைய பொம்மைகள் உண்டு; அங்கே பொம்மைக்கு ஒரு தரம், அதன் பெட்டிக்கு ஒரு தரம் எனத் தனித்தனியாகக் குறிப்பார்கள். பெட்டி மூலை நசுங்கியிருந்தால் விலை இறங்கும். பையன் பெட்டியோடா விளையாடப் போகிறான்?

ஜப்பானில் விற்கும் அசல் ‘ஒன் பீஸ்’ பொம்மைப் பெட்டிகளில் பெரும்பாலும் அந்தத் தொடரைத் தயாரிக்கும் டோயி அனிமேஷனின் பளபளக்கும் முத்திரை, பூனை முகத்தோடு இருக்கும். விலையோடு தபால் செலவையும் சுங்க வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று போலியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அம்மா ஏமாறலாம், ரசிகன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான்!